பரணிலிருந்து இறங்கிய ஆம்ப்ளிஃபயர்

தர்மபுரி மாவட்டத்தில் கடத்தூர் என்றதும் பலருக்கு வெற்றிலைச் சந்தைதான் நினைவுக்கு வரும். பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும், சிறுவயதில் மாரியம்மன் பண்டிகை தொடங்கிவிட்டது என்பதைத் தெரிந்துகொண்ட விதத்தை ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மரத்து உச்சியில் குழாய் கட்டிவிடுவார்கள். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் குரல் வயல்காட்டைத் தாண்டி வரும். பிறகு எல்.ஆர். ஈஸ்வரி. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, ராத்திரி தெருக்கூத்து என்று எதற்கும் மைக் செட்காரருக்குத்தான் முதலில் ஆள் போகும்.

அந்தக் குழாய்களுக்குக் கீழே ஒரு பெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த ஆம்ப்ளிஃபயர் என்ற இரும்புப் பெட்டிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பெரும்பாலும் அது 1940-இல் தொடங்கப்பட்ட டெல்லி நிறுவனமான அகுஜாவின் பெட்டியாக இருக்கும். அதற்கும் முந்திய தலைமுறையில் சிகாகோ ரேடியோ. சுதந்திரப் போராட்டக் காலத்துக் கூட்டங்களின் புகைப்படங்களில் தலைவர்களின் முகத்துக்கு முன்னால் மைக்கில் அந்தப் பெயர் தெரியும். பெயரில்தான் சிகாகோ, நடத்தியவர்கள் மோட்வானி குடும்பத்தார். உள்ளே இருந்தவை வால்வுகள். 1954-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பின்னாளில் இங்கேயே வால்வு தயாரிக்க ஆரம்பித்தது. வால்வுக்குப் பின் டிரான்சிஸ்டர் வந்தது, அதற்குப் பின் இன்றைய டி.ஜே. பெட்டிகள் வந்தன. பழையவை பரணுக்கும் காயலான் கடைக்கும் போயின. காயலான் கடைக்குப் போனவற்றில் பல, டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் செம்புக்காக உடைக்கப்பட்டவை. அந்த வருத்தம் தனிக்கதை.

பரணில் தப்பியவற்றுக்கு இப்போது மவுசு. பேரனுக்குத் திடீரென்று தாத்தாவின் பெட்டிமேல் ஆசை வருகிறது. இறக்கித் தூசு தட்டுகிறான். அடுத்து எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்கிறான்: "ஓடுதான்னு போட்டுப் பாக்கலாம்" என்று பிளக்கைச் செருகுகிறான். கடைசியாக அணைத்தபோது நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டி, இருபது வருடம் யாரும் தொடாமல் இருந்தே கெட்டுப்போயிருக்க முடியுமா என்பது அவன் கணக்கு. முடியும். பரணில் பாதி கெட்ட பெட்டி, பிளக்கைச் செருகிய முதல் நிமிடத்தில் முழுசாகக் கெடுகிறது.

கெடுவது எது? முதல் குற்றவாளி ஃபில்டர் கண்டன்சர். வால்வு செட்டின் சேசிஸ் எனும் உலோகத் தளத்தின் மேல் நிற்கும் அலுமினிய டப்பி அது. டப்பிக்குள் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே திரவத்தில் நனைந்த காகிதம், எல்லாம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தைத் தடுத்து நிற்பது காகிதம் என்று தோன்றும். உண்மையில் தடுப்பது ஒரு தகட்டின்மேல் படிந்திருக்கும் அலுமினியம் ஆக்சைடு படலம். 450 வோல்ட் தாங்கும் கண்டன்சரில்கூட அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்குள்தான். நம் தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தப் படலத்தைத் தொழிற்சாலையில் மின்சாரம் செலுத்தித்தான் வளர்க்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அதே வேலை ஓசைப்படாமல் நடக்கிறது. செட் ஓடும்போதெல்லாம் கண்டன்சருக்குள் கொஞ்சூண்டு மின்சாரம் கசியும். அந்தக் கசிவே படலத்தில் நலிந்த இடங்களில் புது ஆக்சைடை வளர்த்து அடைத்துவிடும். தினமும் ஓடும் செட்டில் கண்டன்சர் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது என்று சொல்லலாம். பரணில் ஏற்றிவிட்டால் இந்த வைத்தியம் நின்றுபோகிறது. திரவமோ படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கிறது. இருபது வருடம் கழித்து எடுத்த எடுப்பில் 400 வோல்ட் கொடுத்தால், மில்லிஆம்பியரின் சிறு பங்காக இருக்க வேண்டிய கசிவு பல மடங்காகப் பாய்கிறது. கசிவால் சூடு, சூட்டால் இன்னும் கசிவு. உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்கிறது. டப்பி உப்பும், சீறும், சில சமயம் வெடிக்கும். போகும்போது ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயரையும் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே கொண்டுபோகும். கண்டன்சர் போனால் சென்னை ரிச்சி தெருவில் வேறு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர் போனால் சுற்றித்தான் ஆக வேண்டும், அதைச் சுற்றத் தெரிந்தவரைத் தேடுவது அதைவிடப் பெரிய வேலை.

இதோடு இன்றைய கரண்டும் சேர்ந்துகொள்கிறது. பழைய செட் பலவற்றின் டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது. இப்போது நடுராத்திரியில், தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் மீட்டர் வைத்தால் 245 காட்டுவது அதிசயமே இல்லை. செகண்டரி ஒரு பக்கத்துக்கு 300 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சுமை இல்லாதபோது கண்டன்சரில் ஏறுவது அதன் உச்ச மதிப்பு, அதாவது 424 வோல்ட். 220-க்குப் பதில் 245 உள்ளே வந்தால் அது 472 ஆகும். கண்டன்சரின்மேல் அச்சடித்திருப்பதோ 450. வால்வுகள் சூடேறிச் சுமை விழும்வரை, முதல் அரை நிமிடத்துக்கு இந்த அதிக வோல்ட் முழுவதையும் கண்டன்சர்தான் தனியாகத் தாங்க வேண்டும். செட்டின் பின்புறம் வோல்டேஜ் மாற்றும் திருகோ கட்டையோ இருந்தால் முதலில் அதை 240-க்கு மாற்றிவிட வேண்டும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

சரி, வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் ஆபத்தில்லையே என்று தோன்றும். அதற்கென்று வேரியாக் என்ற கருவி இருக்கிறது. குமிழைத் திருப்பினால் பூஜ்யத்திலிருந்து 270 வோல்ட்வரை கொடுக்கும். விலை உயர்ந்த கருவி கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் மெக்கானிக்குகளிடம் உண்டு, இந்த விஷயத்தில் அந்த நம்பிக்கை பாதிதான் செல்லும். வால்வு ரெக்டிஃபயர் உள்ள செட்டில் 50 வோல்ட்டில் மணிக்கணக்காக வைத்தாலும் கண்டன்சருக்கு எதுவும் போய்ச் சேராது. ரெக்டிஃபயரின் இழை சூடானால்தான் அது மின்சாரத்தையே விடும். நூறு, நூற்றைம்பது வோல்ட் தாண்டி இழை சிவந்த பிறகுதான் கண்டன்சருக்கு முதல் வோல்ட் கிடைக்கும், அதுவும் பெரிய தாவலாகவே கிடைக்கும். மெதுவாக ஏற்றுகிறோம் என்பது நம் கைக்குத்தான், கண்டன்சருக்கு அல்ல. வேரியாக்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதில் இருப்பது ஒரே சுருள். லைனுக்கும் செட்டுக்கும் நடுவே அது எந்தப் பிரிவையும் தருவதில்லை. குமிழைக் குறைத்து வைத்திருந்தாலும் பேஸ் பேஸ்தான்.

கண்டன்சரைத் தனியாகக் கழற்றி எழுப்புவதே முறையான வழி. வேண்டிய வோல்ட் தரும் டி.சி. சப்ளையிலிருந்து, நடுவே ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர் போட்டு இணைத்துவிட்டு மீட்டரை ரெசிஸ்டரின் குறுக்கே வைக்க வேண்டும். ஒரு மில்லிஆம்பியர் கசிந்தால் மீட்டர் 100 வோல்ட் காட்டும். படலம் வளர வளர அந்த 100 எண்பதாகி, ஐம்பதாகி, இருபதாகிக் குறையும். சில கண்டன்சர்கள் ஒரு மணி நேரத்தில் தேறிவிடும், சில ராத்திரி முழுக்க எடுக்கும். சில எத்தனை நேரம் வைத்தாலும் ஒரே இடத்தில் நிற்கும், அவற்றைக் குப்பையில் போட வேண்டியதுதான். தேறியவற்றைப் பற்றியும் என் கருத்து கறாரானது. படலத்தைத்தான் இப்படி வளர்க்க முடியும், உலர்ந்துபோன திரவத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. முப்பது வருடம் தாண்டிய கண்டன்சரைச் சோதனைக்கு மட்டும் எழுப்பிவிட்டு, பாட்டுக் கேட்க ஆரம்பிக்கும் முன் புதிது போட்டுவிடுவதே நல்லது. பழைய டப்பியைப் பார்வைக்கு மேலே அப்படியே விட்டுவிட்டு, புதிய சின்னக் கண்டன்சரை அடியில் ஒளித்து வைக்கிறவர்கள் உண்டு. பழையதன் ஒயரைக் கழற்றிவிட்டால் அதில் தப்பொன்றும் இல்லை.

முழு செட்டுக்கு முதன்முதலில் கரண்ட் கொடுக்க வேரியாக்கைவிட உதவுவது ஒரு குண்டு பல்பு. ரேடியோ மெக்கானிக் கடை மேசையில் பலகையில் அறைந்த ஹோல்டரும் அதன் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்டும் பார்த்திருப்பீர்கள். அதுதான் சீரிஸ் போர்டு. கரண்ட் பல்பின் வழியாகப் போய்த்தான் செட்டுக்குள் நுழையும். இதை வெறும் தடை என்று நினைத்துவிடக் கூடாது. 100 வாட் பல்பு முழுசாக எரியும்போது அதன் இழையின் தடை ஏறத்தாழ 530 ஓம். குளிர்ந்திருக்கும்போது 40 ஓம்கூட இருக்காது. செட் நல்லபடியாக இருந்து கொஞ்சமாகக் கரண்ட் எடுத்தால் இழை பெரிதாகச் சூடாகாது, பெரும்பங்கு வோல்ட் செட்டுக்கே போகும். செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் இழை பளீரென்று எரிந்து தடையைக் கூட்டி, கரண்டை 0.43 ஆம்பியரோடு நிறுத்திவிடும். இறக்கத்தில் வேகம் கூடக் கூடத் தானே இறுகிக்கொள்ளும் அணைக்கட்டை மாட்டு வண்டியில் இருந்தால் எப்படியோ, அப்படி. பல்பு இல்லாவிட்டால் அதே ஷார்ட்டில் ஃபியூஸ் போகும். மைக் செட் கடைப் பெட்டிகளில் அந்த ஃபியூஸ் இருக்கிறதா என்பதே சந்தேகம். அவசரத்துக்கு ஒயரிலிருந்து செம்புக் கம்பியை உருவிச் சுற்றி வைத்துவிட்டு, அப்படியே பத்து வருடம் ஓட்டியிருப்பார்கள். அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சரியான ஃபியூஸ் போடாமல் வேறெதையும் தொடக் கூடாது.

வால்வு செட்டை சீரிஸில் போடும்போது பல்பு பேசுவதை நின்று பார்க்கலாம். சுவிட்சைப் போட்டதும் ஒரு பளிச். குளிர்ந்த ஹீட்டர்கள் அள்ளி எடுக்கும் கரண்ட் அது, கண்டன்சரும் டிரான்ஸ்ஃபார்மரும் அதில் பங்கெடுக்கும். பிறகு இழை மங்கி, மாம்பழ நிறத்துக்கும் கீழே இறங்கும். கால் நிமிடமோ அரை நிமிடமோ போனதும் லேசாகக் கூடும். பயப்பட வேண்டாம், அவுட்புட் வால்வுகள் சூடேறி வேலையை ஆரம்பித்திருக்கின்றன. அந்த இடத்தில் பல்பு நிலைத்துவிட்டால் நல்ல சகுனம். நிற்காமல் மேலே மேலே பிரகாசமானால் உடனே அணைக்க வேண்டும், உள்ளே எங்கோ கசிவு ஏறிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே பல்பு முழுசாக எரிந்தால் ஷார்ட். துளிகூட எரியவில்லை என்றால் பிளக், சுவிட்ச், ஃபியூஸ், பிரைமரி இவற்றில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. வால்வுகளைக் கழற்றிவிட்டு முதலில் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் இப்படிச் சோதிப்பது இன்னும் நல்லது. அப்போது பல்பு மினுக்கி அணைய வேண்டும்.

சிறிய செட்டுக்கு 40 அல்லது 60 வாட், கோயில் பெட்டிக்கு 100 அல்லது 200 வாட் பல்பு. எல்.இ.டி. பல்பை இதற்குப் போட்டால் பயனில்லை. அதில் சூடேறித் தடை கூட்டும் இழையே கிடையாது. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கேரள அரசு 2020-21 பட்ஜெட்டிலேயே அதன் விற்பனைக்குத் தடை அறிவித்தது. மின்சாரச் சிக்கனத்துக்கு அது சரியான முடிவுதான். ஆனாலும் மெக்கானிக் ஒருவர் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்வதில் நாட்டுக்கு நஷ்டம் வந்துவிடாது. பல்பின் வழியாக ஓடும் செட்டுக்குப் போய்ச் சேருவது முழு வோல்ட் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 60 வாட் எடுக்கும் செட்டை 100 வாட் பல்போடு இணைத்தால், அதற்குக் கிடைப்பது 150-க்கும் 180-க்கும் நடுவில் இருக்கும். அந்த நிலையில் பாட்டுப் போட்டு, சத்தம் நன்றாயில்லை என்று குறை சொன்னால் அது செட்டின் குற்றமில்லை.

வால்வு செட்டில் பல்பு காட்டிக்கொடுக்காத கள்ளன் ஒருவன் இருக்கிறான். ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வின் கிரிடுக்குப் பாட்டை மட்டும் கடத்தி, டி.சி. வோல்ட்டைத் தடுக்கும் கப்ளிங் கண்டன்சர். பழையவை மெழுகில் தோய்த்த காகிதத்தால் ஆனவை, ஈரம் குடித்திருக்கும். அது கொஞ்சம் கசிந்தாலே அவுட்புட் வால்வின் கிரிட் பாஸிட்டிவ் பக்கம் ஏறிவிடும், வால்வு கட்டுக்கடங்காமல் கரண்ட் எடுக்கும். இருட்டில் பார்த்தால் உள்ளே பிளேட் செக்கச்செவேலென்று தெரியும். அப்படி ஓரிரு நிமிடம் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. கசிந்த கண்டன்சரைச் சோதித்துக்கொண்டிருப்பதைவிட, வால்வு செட்டில் கண்ணில் படும் காகித கண்டன்சர்களை மொத்தமாக மாற்றிவிடுவது குறைந்த செலவு.

ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு செட்டை ஓட்டக் கூடாது என்று பழைய மைக் செட்காரர்கள் சொல்வார்கள். அது மூடநம்பிக்கை இல்லை. சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் பல நூறு வோல்ட் கூடுதலாக எழும்பி, இன்சுலேஷனைத் துளைத்துவிடும். நல்ல ஸ்பீக்கரைப் பலியிட மனமில்லாவிட்டால், 8 ஓம் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் போதும். டிரான்சிஸ்டர் செட்டில் நிலைமை நேர்மாறு. பெரும்பாலானவை ஸ்பீக்கர் இல்லாமலும் ஓடும், ஸ்பீக்கரை இணைப்பதில்தான் ஆபத்து. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் சப்ளை வோல்ட் அப்படியே ஸ்பீக்கரின் சுருளுக்குப் போய்ப் பொசுக்கிவிடும். முதலில் வெறும் முனையில் டி.சி. அளந்து, அது நூறு மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் இணைக்க வேண்டும்.

கோயில் பெட்டிகளின் பின்னால் 4, 8, 16 ஓம் என்ற முனைகளோடு 100 வோல்ட் என்றும் ஒன்று இருக்கும். ஊர்க்கோடி வரை குழாய் கட்டுவதற்கான வழி அது. 50 வாட்டை 8 ஓம் முனையில் அனுப்பினால் 20 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட் முனையில் அனுப்பினால் அரை ஆம்பியர் போதும். ஒயரில் வீணாகும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே ஒயரில் இழப்பு 25-இல் ஒரு பங்காகிறது. ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி குறைத்துக்கொள்ளும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் சத்தமாகப் பாடும்போது அந்த முனையைத் தொட்டால் ஷாக் அடிக்கும். ஸ்பீக்கர் ஒயர்தானே என்று வெறுங்கையால் முறுக்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஷாக்கைப் பற்றிப் பேசும்போது, கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மேல் பலருக்கு இருக்கும் நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். இப்போது புது வீடுகளில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுகிறார்கள், நல்ல வழக்கம். பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் ஒத்துப்போகிறதா என்றுதான் அது பார்க்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் 400 வோல்ட்டை உண்டாக்குவது டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி. அதைத் தொட்டவர் உடம்பு வழியாகப் பாய்ந்த கரண்ட் அந்தச் செகண்டரிக்கே திரும்பிவிடும். பிரைமரி பக்கம் கணக்கில் குறையே தெரியாது. ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும், ஆள் துடித்துக்கொண்டிருப்பார். பிளக்கைப் பிடுங்கினாலும் தீரவில்லை. 420 வோல்ட்டில் ஏறிய 32+32 மைக்ரோஃபாரட் கண்டன்சரில் ஐந்தரை ஜூல் மிச்சமிருக்கும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது சிலருக்குப் பொழுதுபோக்கு. கண்டன்சருக்கும் கண்ணுக்கும் அது கேடு. 10 ஆயிரம் ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் பிடித்து ஐந்தாறு விநாடி வைத்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே உள்ளே கை போக வேண்டும். ஓடும் செட்டில் அளக்கும்போது ஒரு கை பைக்குள் இருக்க வேண்டும் என்று பழையவர்கள் சொல்வது, கரண்ட் நெஞ்சைக் கடந்து போகாமல் இருப்பதற்காக. ஈர வாசலில் வெறுங்காலோடு நின்றுகொண்டு அந்த விதியைக் கடைப்பிடித்துப் புண்ணியமில்லை.

பழைய பெட்டிகள் பலவற்றில் இரண்டு ஒயர்தான் வரும், எர்த் கிடையாது. பேஸுக்கும் சேசிஸுக்கும் நடுவே இரைச்சலைக் குறைக்க ஒரு கண்டன்சர் வைத்திருப்பார்கள். அது கசிந்தால் பெட்டி முழுக்கப் பேஸ், மைக்கின் இரும்புக் கம்பியிலும் பேஸ். அந்தக் கண்டன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று கம்பி ஒயர் போட்டுச் சேசிஸுக்கு எர்த் கொடுக்க வேண்டும். ஏ.சி./டி.சி. இரண்டிலும் ஓடும் வகை வால்வு ரேடியோக்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை, சேசிஸ் நேரடியாக மெயினில் இருக்கும், எர்த் கொடுத்தால் ஷார்ட்தான் ஆகும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்த ரேடியோவின் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் முன்னால், செருகாமலே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பத்து நிமிடம் பார்ப்பது. குளவி மண்கூடு கட்டியிருக்கும். எலி ஒயரைக் கொறித்து, மூத்திரத்தால் சேசிஸைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். தார் உருகி வடிந்த டிரான்ஸ்ஃபார்மர், உப்பிய கண்டன்சர், கருகிய ரெசிஸ்டர் எல்லாம் கண்ணுக்கே தெரியும். இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் கிடைத்தால் பிரைமரிக்கும் சேசிஸுக்கும் நடுவே பார்க்க வேண்டும். மழைக்கால ஈரத்தில் இன்சுலேஷன் நலிந்திருந்தால் நாலைந்து நாள் வெயில் காட்டிவிட்டு மறுபடி அளக்கலாம், பல டிரான்ஸ்ஃபார்மர்கள் அதிலேயே தேறிவிடும்.

மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இதையெல்லாம் தாங்களே செய்ய வேண்டியதில்லை. வால்வு செட் தெரிந்த மெக்கானிக் தர்மபுரியிலோ சேலத்திலோ ஒருவராவது இருப்பார், விசாரித்தால் கிடைப்பார். அவரிடம் பெட்டியைக் கொண்டுபோனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் குடுத்துப் பாத்தீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். "இல்லைங்க, பரண்ல இருந்து அப்படியே எடுத்தாந்தோம்" என்று நீங்கள் சொன்னால், அவருடைய வேலை பாதி குறையும், உங்கள் செலவும் குறையும். ஆகவே தாத்தாவின் பெட்டியை இறக்கினால் தூசு தட்டுங்கள், படம் எடுங்கள், பிளக்கை மட்டும் செருகாதீர்கள்.